எங்கே என்று கேட்கக் கூடாத ஊர்

பங்காருப்பேட்டையில் பெரிய பாதையை விட்டுப் பிரிகிற ரயில், கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நின்று நின்று போய் மாரிகுப்பத்தில் முடிகிறது. அதற்கப்பால் தண்டவாளம் கிடையாது. விடியற்காலையில் பெங்களூரை நோக்கிப் புறப்படும் ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது. சுரங்கம் மூடியபின் கோலார் தங்கவயலின் பிள்ளைகள் பிழைப்புக்கு அங்கேதான் போய்த் திரும்புகிறார்கள். நான் எதிர்த்திசையில் வந்ததால் ஜன்னலோரம் கிடைத்தது. கர்நாடகத்துக்குள் ஓடும் ரயில், ஆனால் காதில் விழுந்ததெல்லாம் வட ஆற்காட்டுத் தமிழ். சற்று நேரத்தில் சயனைடு மேடுகள் தெரியத் தொடங்கின. பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய தூள், நூறாண்டுக்கு மேல் சேர்ந்து குன்றுகளாகி நிற்கிறது. ஆடிக்காற்று அடித்தால் அது சோற்றுத் தட்டு வரைக்கும் வரும் என்று எதிர் இருக்கையில் இருந்தவர் சொன்னார்.

தங்கத்தின் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது வேறு: சுரங்கக்காரர் வீடுகளில் எதையெல்லாம் செய்யக் கூடாது, சொல்லக் கூடாது, பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள்? நாட்டார் பாட்டையும் கதையையும் கூத்தையும் தேடித் தேடிப் பதிவு செய்கிறோம். ‘கூடாது’ என்பதை அந்த அளவுக்கு யாரும் குறித்து வைப்பதில்லை. அதற்கு மேடை கிடையாது, பாடுகிறவர் கிடையாது. செய்யாமல் விட்ட காரியத்தை எப்படிப் படம் பிடிப்பது? ஆனால் ஒரு ஊர் எதை நினைத்து நடுங்கியது, அந்த நடுக்கத்தை யார் தலையில் ஏற்றி வைத்தது என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

ஊரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1802-இல் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மாரிகுப்பம் பக்கத்தில் ஊர் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். 1870-களில் மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ்காரர் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தபின்தான் முறையான சுரங்கம். 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956-இல் சுரங்கங்கள் அரசுடைமை ஆயின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி எல்லாம் மூடப்பட்டன. அதற்குள் 800 டன்னுக்கும் மேல் தங்கம் வெளியே போயிருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டரைத் தாண்டி இறங்கியிருந்தது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது. அதில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த தலித் மக்கள். பண்ணையாரின் களத்தை விட்டு ஓடிவந்தவர்களுக்குப் பாறையின் அடிவயிறு பெரிதாகப் பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

சாம்பியன் ரீஃபில் ஒரு லைன் வீட்டில் எனக்கு அறிமுகமான குடும்பம் இருந்தது. லைன் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சேர்த்துக் கட்டிய தொழிலாளர் வீடுகள். நிமிர்ந்தால் தலை இடிக்கும், ஒரு வீட்டில் தாளித்தால் நான்காவது வீட்டில் தும்முவார்கள். பெரியவர் இளம் வயதிலேயே கீழே இறங்கி, மூடும்வரை வேலை பார்த்தவர். அவரிடம் கேட்ட கேள்விக்கு அவர் மனைவிதான் பதில் சொன்னார்.

“ஷிஃப்டுக்குக் கிளம்பறப்ப ‘எங்க’ன்னு யாரும் கேக்கக் கூடாதும்மா. புள்ளைங்க தெரியாம கேட்டுடும். நான் ஓடிவந்து வாயைப் பொத்துவேன். அவரு ‘வர்றேன்’னுதான் சொல்லணும். ஒருநாள் அவசரத்துல ‘போறேன்’னு சொல்லிட்டாரு. உள்ள கூப்ட்டு உக்கார வெச்சு, ஒரு முழுங்கு தண்ணி குடுத்துத்தான் திரும்ப அனுப்பினேன்.”

எந்தத் தமிழ் வீட்டிலும் இருக்கிற வழக்கம்தானே என்று தோன்றலாம். உண்மைதான். ஊருக்குக் கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதே, ஒற்றைத் தும்மல் கேட்டால் உட்கார்ந்து போ, பல்லி சொல்லும் திசையைக் கவனி என்பதெல்லாம் காட்பாடியிலும் ஆம்பூரிலும் இருந்து அவர்களோடு மூட்டையில் வந்தவை. ஆனால் கிராமத்தில் ஆண்டுக்கு நாலைந்து முறை பயணம் போகும்போது எடுத்துப் பார்க்கிற விதிகளை, தங்கவயலில் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் கடைப்பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த அம்மா விளக்குமாற்றைப் பற்றிச் சொன்னபோதுதான் அதன் பாரம் எனக்கு உறைத்தது. வீட்டிலிருந்து ஆள் கிளம்பியவுடன் பெருக்கக் கூடாது. தலைக்கும் குளிக்கக் கூடாது. அவர் மணமாகி வந்தபோது மாமனார் ஒரு ஷிஃப்ட், கணவர் ஒரு ஷிஃப்ட், கொழுந்தனார் ஒரு ஷிஃப்ட். நாளுக்கு மூன்று முறை சங்கு ஊதும். மூன்று முறை யாராவது ஒருவர் படியிறங்குவார். விளக்கு வைத்தபிறகும் பெருக்கக் கூடாது. இவற்றுக்கு நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தைப் பார்த்துத்தான் விளக்குமாற்றைத் தொட வேண்டும். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கும் ஷிஃப்ட் அட்டவணையைப் பார்க்க வேண்டும். கம்பெனி ஆண்களின் நேரத்தை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த பெண்களின் நேரத்தை இந்தக் ‘கூடாது’கள் எடுத்துக்கொண்டன.

ஏன் பெருக்கக் கூடாது, ஏன் குளிக்கக் கூடாது? சாவு வீட்டை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். பிணம் வாசலைத் தாண்டியபிறகுதான் வீட்டைக் கூட்டிக் கழுவுவார்கள், தலை முழுகுவார்கள். சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது யாரும் “போயிட்டு வர்றேன்” என்று சொல்வதில்லை; சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். ஆக, ஷிஃப்டுக்கு அனுப்புகிற ஒவ்வொரு முறையும் சாவின் சடங்கை ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கி அமைத்திருக்கிறார்கள். அங்கே சொல்லாததை இங்கே கட்டாயம் சொல்லவேண்டும். அங்கே செய்வதை இங்கே செய்யவே கூடாது. கணவனை வேலைக்கு அனுப்பும் காரியம் பாடை தூக்குவதைப் போல எந்த விதத்திலும் ஆகிவிடக் கூடாது என்று அந்தப் பெண்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்! இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தினமும் மூன்று தடவை மரணத்தை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிய உழைப்பு அது.

அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. இங்கே ஏர்பிளாஸ்ட் என்பார்கள். பொறியாளர்கள் பாறைவெடிப்பு என்பார்கள். அவ்வளவு ஆழத்தில் பாறை மேலிருக்கும் மலைப்பாரத்தைச் சுமந்து இறுகிக் கிடக்கிறது. நடுவில் இருக்கும் தாதுக்கல்லை எடுத்துவிட்டால் அந்தச் சுமை பக்கத்துப் பாறைக்கு மாறுகிறது. தாங்க முடியாத கணத்தில் பாறை வெடித்துச் சிதறும். 1898-லேயே உரிகம் சுரங்கத்தில் இது பதிவாகியிருக்கிறது. ஆழம் கூடக் கூட வேகமும் கூடியது. மேலே லைன் வீடுகளில் பரணிலிருக்கும் பாத்திரம் உருளும். கீழே என்ன நடந்தது என்று தெரியாமல் பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள்.

பெரியவர் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே என்னென்ன கூடாது என்று அவரிடம் திரும்பினேன். சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் ஏறும் முன் முனீஸ்வரனைக் கும்பிடுவோம், கிறிஸ்தவங்க சிலுவை போட்டுக்குவாங்க, அவ்வளவுதான் என்றார். கீழே போனபின் வீணாகச் சத்தம் போட மாட்டார்களாம். “பாறை பேசும்மா. படக் படக்குன்னு கேக்கும். அது பேசறப்ப நாம வாயை மூடிக்கினு கேக்கணும். அது சாஸ்திரம் இல்ல, வேலை.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். டிரோப்ரியாண்ட் தீவுகளில் வாழ்ந்து ஆராய்ந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, 1925-இல் எழுதிய கட்டுரையில் ஒன்றைக் கவனித்திருக்கிறார். அமைதியான கழியில் மீன் பிடிக்கப் போகும் தீவுக்காரர்கள் மந்திரம் எதுவும் சொல்வதில்லை; அங்கே தங்கள் கைத்திறனையே நம்புகிறார்கள். திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் மந்திரமும் விலக்குகளும் வந்துவிடுகின்றன. எது அறிவு, எது சடங்கு என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தங்கவயல் பெரியவருக்கும் தெரியும். பாறையின் சத்தத்தைக் கேட்பது அவர் கைக்குள் இருந்த அறிவு. சத்தமே இல்லாமல் வெடிக்கிற பாறைக்கு அவரிடம் அறிவு இல்லை, கம்பெனியிடமும் இல்லை. அந்த இடைவெளியில்தான் விளக்குமாறும் தலைக்குளியலும் வந்து உட்கார்ந்தன.

உலகமெங்கும் சுரங்கக்காரர்கள் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா 1549-இல் வெளியிட்ட நூலில் சுரங்கத்துப் பேய்களை வகை பிரித்து எழுதினார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில், பாறைக்குள்ளிருந்து தட்டி ஓசை எழுப்பும் குள்ள ஆவிகளை ‘நாக்கர்’ என்பார்கள். அவர்களுக்குக் கோபம் வரும் என்பதால் கீழே விசில் அடிக்கக் கூடாது. சாப்பாட்டில் ஒரு துண்டு அவர்களுக்குப் போடவேண்டும். இந்தக் கார்ன்வால்காரர்கள்தான் ஜான் டெய்லர் கம்பெனியின் வேலைக்காகத் தங்கவயலுக்கும் வந்தார்கள். அவர்களுக்கு மேலே பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். கீழே இறங்கியபின் நாக்கருக்குப் பயந்தவரும் முனீஸ்வரனைக் கும்பிட்டவரும் நின்றது ஒரே பாறைக்கு அடியில். ஒருவர் பயத்தை மற்றவர் அறிந்திருந்தாரா, பகிர்ந்துகொண்டாரா? எவராவது எழுதி வைத்திருந்தால் கம்பெனியின் கணக்கேடுகளை விட அதைத்தான் முதலில் படிப்பேன்.

பொலிவியாவின் வெள்ளி, தகரச் சுரங்கங்களில் ‘எல் தீயோ’ என்று கொம்பு வைத்த ஒரு மண் உருவம் உட்கார்ந்திருக்கும். அதன் வாயில் சிகரெட் வைத்து, கோக்கா இலையும் சாராயமும் படைத்துவிட்டுத்தான் வேலை தொடங்கும். பெண் உள்ளே வந்தால் தாது மறைந்துவிடும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. ஜப்பானில் மலைத்தெய்வமே பெண்; இன்னொரு பெண் வந்தால் பொறாமை கொண்டு விபத்தை உண்டாக்குவாள் என்று சுரங்கப்பாதை வெட்டுகிறவர்கள் நம்பினார்கள். காரணம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. வெளியே நிறுத்தப்படுகிறவள் மட்டும் மாறவில்லை.

சட்டமும் அவளை வெளியே நிறுத்தியது. 1935-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்வதைத் தடை செய்யும் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியாவின் சுரங்கச் சட்டம் 1952-இல் அதே தடையை எழுதிக்கொண்டது. அதற்கு முந்தைய தலைமுறையில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் பெண்கள் கணவரோடு இறங்கிக் கூடை சுமந்தவர்கள்தான். அவர்களைக் காக்க வந்த சட்டம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூலியும் சேர்ந்து போயிற்று. 2019 ஜனவரியில்தான், பெண்ணின் எழுத்து மூலமான சம்மதம், குறைந்தது மூன்று பேர் சேர்ந்திருப்பது போன்ற நிபந்தனைகளோடு, தொழில்நுட்ப, மேற்பார்வை வேலைகளுக்காகப் பெண்கள் பகலில் கீழே இறங்கலாம் என்று அரசு அனுமதித்தது. தங்கவயல் அப்போது மூடி ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறியிருந்தது.

மறுநாள் ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் நகைக்கடைகளைக் கடந்து நடந்தபோது இன்னொரு விலக்கு நினைவுக்கு வந்தது. பொன் லட்சுமி, காலில் அணியக் கூடாது. கொலுசும் மெட்டியும் வெள்ளியில்தான். அதே பொன் ஊருக்கு அடியில் மைல் கணக்கில் ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல்தான் வீடும் அடுப்பும் சுடுகாடும். சுரங்கத்திலிருந்து ஒரு துணுக்குப் பொன் கொண்டுவந்தாலும் திருட்டு என்பதால் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களைச் சோதனை போட்டுத்தான் விடுவார்கள். அந்த லைன் வீட்டு அம்மாவின் கழுத்தில் வெகுகாலம் மஞ்சள் கயிறுதான் இருந்ததாம். பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ படம் 2024-இல் வந்தபின், பொன்னைக் காக்கும் சக்தி, பலி என்றெல்லாம் வெளியூர்க்காரர்கள் கேட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். பூதம் காக்கும் புதையல் கதை தமிழ் நிலத்தில் எங்கும் உண்டு, இங்கேயும் இருக்கும். ஆனால் நான் பேசிய வயதானவர்கள் யாரும் பொன்னைப் பற்றிப் பயத்தோடு பேசவில்லை. பாறையைப் பற்றித்தான் பேசினார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். தூசியைப் பற்றி எந்த ‘கூடாது’வும் என் காதில் விழவில்லை. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் இந்த ஊரைப் பல தலைமுறைகளாகத் தின்றது. 1940-களில் தங்கவயல் தொழிலாளர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. ஏர்பிளாஸ்ட் ஒரு நொடியில் கொன்றது. தூசி பத்துப் பதினைந்து ஆண்டு எடுத்துக்கொண்டது, அதுவும் வீட்டுப் பாயில். திடீர்ச் சாவைச் சுற்றி அத்தனை வேலி போட்ட சமூகம் மெதுவான சாவுக்கு ஒரு முள்ளைக் கூட நடவில்லை. நாட்டார் அறிவை உயர்த்திப் பேசும்போது நாம் இதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

இனி, இந்தப் பயணத்தில் என்னை உலுக்கியதைச் சொல்லவேண்டும்.

தகழியின் ‘செம்மீன்’ 1956-இல் வந்த மலையாள நாவல். சுந்தர ராமசாமியின் தமிழில் நம்மில் பலர் படித்தது. கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் ஒழுக்கத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் அதன் அச்சு. சுரங்க ஊரிலும் அதே கணக்கு. அவன் கீழே செத்தால் இவள் மேலே எதையோ தவறவிட்டிருக்கிறாள். அவள் தவறவிடவில்லை என்றால், அவன் போகும் வழியில் யாரோ எதிரே வந்திருக்கிறாள். அந்த ‘யாரோ’, பெரும்பாலும் ஏற்கெனவே இந்தச் சுரங்கம் விதவையாக்கிய ஒருத்தி.

அப்படி ஒருவரிடம் பெரியவரின் மனைவியே என்னை அழைத்துப்போனார். அவர் வீடு நான்கு வீடு தள்ளி இருந்தது. 1970-களில் ஏர்பிளாஸ்டில் கணவரைப் பறிகொடுத்தவர். அப்போது அவருக்கு இருபது வயது சொச்சம், கையில் இரண்டு குழந்தைகள். அன்று முதல் ஒவ்வொரு சங்குக்கும் முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாராம். கூட்டம் கடந்து போனபின்தான் தண்ணீர்க் குழாய்க்குப் போவார். அதற்குள் தண்ணீர் நின்றுவிட்டிருக்கும். யாரும் வாய்விட்டு வராதே என்று சொல்லவில்லை. “சொல்லணுமா கண்ணு? அவுங்க மூஞ்சி திரும்பும் பாரு, அது போதும்.” மைன்ஸை மூடியபோது ஊரே அழுதது என்றார். தானும் அழுதாராம், மகன் வேலை போயிற்று. ஆனால் சங்கு நின்ற சில வாரங்களில், ஒருநாள் காலை ஆறு மணிக்குக் குழாயடியில் முதல் ஆளாகக் குடம் வைத்தாராம். யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

ஒரு ஊர் விதவைகளை உண்டாக்கிக்கொண்டே இருந்து, விதவைகளைக் கண்டே பயந்தும் இருந்தது. இந்தப் பயம் கம்பெனிக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று எண்ணும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. தெருமுனையில் எதிர்ப்பட்ட பெண்ணால் ஆள் செத்தான் என்று ஊர் பேசிக்கொண்டிருக்கும்வரை, அந்த மட்டத்தில் எவ்வளவு தாது எடுத்தார்கள், முட்டுக் கொடுத்தார்களா, ஆபத்து தெரிந்தும் ஆளை இறக்கினார்களா என்ற கேள்விகள் லைன் வீட்டுத் திண்ணையில் எழாது.

எழுப்பியவர்களும் இங்கே இருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேர் பிடித்தது. 1914-இல் அவர் இறந்தபின் நின்றுபோன ‘தமிழன்’ இதழ், 1926-இல் அப்பாதுரையாரின் ஆசிரியத்துவத்தில் தங்கவயலிலிருந்துதான் மீண்டும் வந்தது. சுரங்கத்தில் இறங்கி ஏறிய கைகள் அந்த இதழுக்குச் சந்தா கட்டின. அந்தப் பௌத்த இயக்கத்தார் சகுனத்தையும் சடங்கையும் கேள்வி கேட்டார்கள். அயோத்திதாசர் தீபாவளி, கார்த்திகை போன்ற மக்களின் பண்டிகைகளைத் தூக்கி எறியாமல் பௌத்த நாட்களாக விளக்கிக் காட்டியவர். அந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. மக்களின் பயத்தை ஏளனம் செய்யாமலே அதன் பாரத்தை வேறு தோளுக்கு மாற்ற முடியும் என்று அது காட்டுகிறது.

சாம்பியன் ரீஃப் பகுதியில்தான் 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. தங்கவயலின் பாறைவெடிப்புகளைப் பற்றி எத்தனையோ ஆய்வுகள் ஆங்கிலத்தில் உண்டு. எந்த மட்டம், எவ்வளவு அதிர்வு, எந்தத் தாதுத்தூணை எடுத்ததால் என்றெல்லாம் உலகத்துப் பொறியாளர்கள் அவற்றைப் படிக்கிறார்கள். கணவரை இழந்த அந்த அம்மாவிடம் கேட்டேன், உங்கள் கணவர் இறந்தபோது பாறை ஏன் வெடித்தது என்று யாராவது வந்து சொன்னார்களா என்று. அவர் என்னை வியப்போடு பார்த்தார். அப்படி ஒரு காரணம் இருக்கும் என்பதையே அவருக்கு யாரும் சொன்னதில்லை.

நான் அவரிடம் என் ஆசையைச் சொன்னேன். மூடிக் கிடக்கும் ஷாஃப்டுகள் ஒவ்வொன்றின் முன்னாலும் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பலகை வைக்கவேண்டும். என்றைக்கு வெடித்தது, எந்த மட்டத்தில், யார் யார் இறந்தார்கள், பாறை எதனால் வெடித்தது என்று நான்கும் அதில் இருக்கவேண்டும். அவர் சற்று யோசித்துவிட்டு, பேர் மட்டும் போட்டால் போதாது, மைன்ஸ் நம்பரையும் போடச் சொல்லுங்க என்றார். அந்த லைனில் மட்டும் அவர் கணவர் பெயரில் மூன்று பேர் இருந்தார்களாம்.